கைமாறி வந்த மலைப்பாம்பு: சில ஆண்டு அனுபவம்

இன்னொருவர் வளர்த்துக் கைவிட்ட பந்து மலைப்பாம்பை (ball python) வாங்கியதில் எனக்கு இன்றுவரை குறையில்லை. குறையெல்லாம் அதோடு இலவசமாக வந்த தொட்டியின் மீதுதான். பாம்பு சூடுகாய அதிலிருந்த மின் வெப்பக் கல்லுக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கிடையாது. அப்படிப்பட்ட கல் வயிற்றுச் செதில்களைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி வாய்க்கு வந்ததைச் சொன்னது. இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி புதிதாக அமைத்தேன்.

வந்த சில நாட்களிலேயே தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். உற்றுப் பார்த்தால் நகர்ந்தன. உண்ணிகள்! தாடைக்குக் கீழுள்ள மடிப்பிலும் கண்ணைச் சுற்றியும்தான் அவை ஒளிந்துகொள்ளும். மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு வெறும் வெள்ளைக் காகிதம் விரித்தேன். மருந்துக்கு மருத்துவரிடம் போனேன். வீட்டில் வேறு பாம்பு இருந்தால், புதிதாக வந்ததைக் குறைந்தது மூன்று மாதமாவது தனி அறையில் வைத்திருப்பது நல்லது.

இரை விஷயம்தான் பெரும்பாடு. "நன்றாகச் சாப்பிடும்" என்றார் கொடுத்தவர். எதை, எந்த அளவில், கடைசியாக எப்போது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. என்னைக் கேட்டால், இரை எடுத்த தேதிகள் எழுதிய ஒரு நோட்டு, விலையுயர்ந்த தொட்டியைவிட மேல். பழக்கம் உயிருள்ள எலி என்பது பிறகுதான் புரிந்தது. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறவும் கூடும். ஆகவே உறைந்த எலிக்கு மாற்ற முனைந்தேன். வாரக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடை குறையாதவரை பதற வேண்டியதில்லை. கடைசியில், உருகிய எலியின் தலையை வெந்நீரில் நன்றாகச் சூடாக்கி, விளக்கை அணைத்து, இடுக்கியால் பொந்து வாசலில் நீட்டியதும் பாய்ந்து பிடித்தது. உதட்டிலுள்ள குழிகளால் வெப்பத்தை உணரும் பிராணி அல்லவா?

வந்தபோது வால் நுனியில் பழைய சட்டை வளையம் வளையமாக இறுகிக் கிடந்தது; கண்மேலும் ஒரு படலம். கண்படலத்தைப் பிய்க்கவே கூடாது. ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்கு மேல் வைத்து, ஈரப்பாசி நிரப்பிய பெட்டி ஒன்றும் கொடுத்தேன். அடுத்தடுத்த உரிப்புகளில் எல்லாம் தானாகக் கழன்றன.

வயதான பாம்பாயிற்றே என்று தயங்குபவர்களுக்கு: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச்சாலைக்கு 1961-இல் ஒரு தனிநபர் கொடுத்த பந்து மலைப்பாம்பு, 2020-இல் முட்டையிட்டது. அப்போது அதற்கு 62 வயதாவது இருக்கும். வளர்ப்பில் 20, 30 ஆண்டுகள் சர்வசாதாரணம்.

கைமாறி வருவதில் நான் தொடவே மாட்டாதது ‘ஸ்பைடர்’ என்ற நிற வகைப் பந்து மலைப்பாம்பு. அந்த நிறத்தோடு தலையாட்டும் நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. மற்றபடி, எந்தப் பாம்பானாலும் சுவாச நோய் இருக்கிறதா என்று அறிய, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, மூக்கில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் கேட்கும் காகிதங்களையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். பாம்பு கைமாறிய பிறகு பழைய உரிமையாளர் போனை எடுப்பதில்லை.