ஜிக்குக்கும் றப்பர் மீனுக்கும் ஒரு தடி: பண்ணைப் பாலத்தில் நாலு வருசம்

என் கையில் இருப்பது 7 அடித் தூண்டில் தடி. இரண்டு துண்டு, மீடியம் பவர், ஃபாஸ்ட் அக்ஷன். 2021 கடைசியில் வந்தது. அன்றிலிருந்து யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், வாணர் தாம்போதி (களப்பைக் கடக்கும் தரைப்பாலம்) என்று கிழமைக்கு இரண்டு தரமாவது உப்புத் தண்ணீர் கண்டிருக்கிறது. வாங்கி ஒரு மாதத்தில் எல்லாத் தடியும் நல்ல தடிதான். மூன்று சோளகம் (தென்மேற்குக் காற்றுக் காலம்) தாண்டிய பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

இது பாஸ் மீனுக்கென்று செய்த தடி. பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன், நம் களப்பில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் அது இரை எடுக்கிற விதம் நம்முடைய கொடுவாவுக்கு மிக நெருக்கம். மறைவில் நிற்கும். பக்கத்தில் வந்ததை வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். பிடிக்காவிட்டால் அடுத்த நொடியே துப்பிவிடும். மதகு வாயில் நிற்கும் கொடுவாவுக்கும் கல் இடுக்கில் கிடக்கும் கலவாய்க்கும் நாங்கள் ஈயத்தலை ஜிக்கும் (தலையில் ஈயம் வார்த்த கொக்கி) அதில் கோத்த றப்பர் மீனும் எறிகிறோம். அந்தக் கடி பெரும்பாலும் இரை கீழே இறங்கும்போதுதான் வருகிறது, அதுவும் ஒரேயொரு சின்னத் தட்டாக. அதைக் கைக்குச் சொல்லாத தடி எவ்வளவு பலமாக இருந்தும் இந்த வேலைக்கு உதவாது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பண்ணையில் கைத்தூண்டில் போடும் ஒரு ஐயா. அப்போது என்னிடம் டவுனில் வாங்கிய, இழுத்து நீட்டுகிற பைபர்கிளாஸ் தடி இருந்தது. தடித்த நுனி, கனத்த தடி. நான் வெறுங்கையோடு நிற்க, பக்கத்தில் அவர் தங்கூசி நூலைச் (நைலோன்) சுட்டுவிரலில் கொழுவிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மீன் ஏற்றினார். பிறகு என் தடியை வாங்கி ஒரு தரம் எறிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மீன் சொல்லுறதை உம்மடை தடி விழுங்கிப் போடுது.”

பைபரைக் குறை சொல்லவில்லை. இரையைக் கட்டித் தாழவிட்டுக் காத்திருக்கிறவருக்கு அது திறமான தடி, இலேசில் உடையாது. ஜிக்குக்குத்தான் அது சரிவராது.

அடுத்து காபன் தடி வாங்கினேன். மிக மெல்லியது, பிடித்தால் பாரமே தெரியாது, கடி துல்லியமாகக் கேட்டது. ஒன்பது மாதம்தான். தாம்போதியின் மேலே நின்று ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய பாரை ஒன்றைத் தடியாலேயே தூக்கினேன், படார் என்று போனது. உடைந்த இடத்தில் ஒரு சின்ன வடு இருந்தது. ஜிக்கின் கொக்கியைத் தடியில் நூல் ஓடும் வளையத்தில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிற பழக்கம் எனக்கு. வழிநெடுக ஈயம் ஆடி ஆடி ஒரே இடத்தில் அடித்திருக்கிறது. காபன் இழுவையைத் தாங்கும், கல்லும் ஈயமும் கொத்துவதைத் தாங்காது. தடியை நேர் மேலே நிமிர்த்தும்போது பாரம் முழுவதும் மெல்லிய நுனிப் பக்கத்துக்குப் போய்விடும். இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த விலைத் தடியும் போகும். இப்போது கொக்கியை றீலுக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன். மீனைச் சல்லடை வலையால் அள்ளுகிறேன், இல்லாவிட்டால் நூலைக் கையால் பிடித்து ஏற்றுகிறேன்.

மூன்றாவது தடிக்குக் கடையில் எதைப் பார்ப்பது என்று முதலிலேயே எழுதி வைத்தேன். பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் இருக்கும் எண்கள்தான் முதலாவது. பவர் என்பது தடியை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. அக்ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஃபாஸ்ட் என்றால் மேல் பகுதி மட்டும் வளையும், நடுவிலிருந்து கீழே விறைப்பாக நிற்கும். நுனி கடியைச் சொல்லும், அடி கொக்கியை ஏற்றும். ஜிக்குக்கு இரண்டும் வேண்டும்.

பாஸ் பிடிக்கிறவர்கள் ஜிக்குக்கு வழமையாக மீடியம் ஹெவி எடுக்கிறார்கள். அவர்கள் மரக்கட்டைக்கும் செடிக்கும் நடுவே பெரிய கொக்கி போடுகிறவர்கள். றப்பருக்குள் கொக்கி முனையை மறைத்துக் குத்தினால், றப்பரையும் கிழித்து வாயையும் குத்த அந்தப் பலம் வேண்டும். எங்கள் பாலங்களில் நான் எறிவது முனை வெளியே நிற்கும் 7 முதல் 14 கிராம் ஈயத்தலை. இதற்கு மீடியம் போதும். கண்டல் ஓரமே உங்கள் இடம் என்றால் மீடியம் ஹெவி எடுங்கள், அங்கே மீனை வேருக்குள் போகவிடாமல் திருப்ப வேண்டும்.

எறியும் பாரத்தை அமெரிக்கத் தடிகளில் அவுன்ஸில் எழுதியிருப்பார்கள். 1 அவுன்ஸ் 28 கிராம். என் தடியில் கால் முதல் முக்கால் அவுன்ஸ், அதாவது 7 முதல் 21 கிராம். இதில் ஒரு விசயம் தவறிப்போகும். ஈயத்தலை 14 கிராம் என்றாலும் 4 அங்குல றப்பர் மீனே ஏழெட்டுக் கிராம் வரும். இரண்டையும் கூட்டினால் எல்லைக்கு வந்துவிடும். என் அனுபவத்தில் இந்தத் தடி 12 முதல் 18 கிராம் வரைதான் இதமாக எறிகிறது. 7 கிராமைச் சோளகக் காற்றுக்கு எதிராக எறிய முயல வேண்டாம், நூல் வில்லாக வளைந்து ஒன்றுமே தெரியாது.

ஐஎம்6, ஐஎம்7 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை ஹெக்ஸெல் நிறுவனம் தன் காபன் இழைக்கு வைத்த பெயர்கள், தடியின் தரத்துக்குக் கொடுத்த புள்ளிகள் அல்ல. விறைப்புக் கூடிய இழையில் தடி மெல்லிதாகும், உணர்வு கூடும், அடி தாங்குவது குறையும். பாலத்துக் கல்லில் தடியைச் சாத்தி வைக்கிற எங்களுக்கு நடுத்தரம்தான் பொருத்தம்.

தடி வந்தது கனடாவிலிருந்து. அண்ணா ரொறன்ரோவில் கடைக்குள் நின்று வீடியோவில் காட்ட, நான் இங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். நுனியை உதறிவிட்டு, ஆட்டம் எவ்வளவு கெதியாக அடங்குகிறது என்று கவனிக்கச் சொன்னேன். நல்ல தடி உடனே நிற்கும், மோசமானது தள்ளாடிக்கொண்டே இருக்கும். றீலைப் பூட்டி இரண்டு விரலில் தாங்கினால் நுனி கீழே சாயக்கூடாது, சாய்ந்தால் ஒரு மணித்தியாலத்தில் மணிக்கட்டு நோகும். கடைசியாக மருமகனின் தொண்டையில் நுனியை மெல்லத் தொட வைத்துக் கதைக்கச் சொன்னேன். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ண, பிடியில் அந்த அதிர்வு வர வேண்டும். முதல் இரண்டு தடியிலும் மங்கலாக வந்தது. மூன்றாவதைப் பிடித்ததும் அண்ணா, “இது கதைக்குதடா” என்றார். 120 கனேடிய டொலர். நடுவில் பூட்டுகிற தடி என்பதால் ஒவ்வொரு துண்டும் மூன்றரை அடிதான், பிவிசி குழாய்க்குள் போட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தது. 2022 இல் பெற்றோல் இல்லாத நாட்களில் அதே குழாயைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டுதான் போனேன்.

ஐயாவிடம் அதைக் கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நூலைச் சுட்டுவிரலில் தொட்டபடி மெல்ல இழுத்தார். “கல்லு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சாதாழை.” பிறகு, “இப்ப மணல்.” தடியைத் திருப்பித் தரும்போது முகத்தில் சிரிப்பு.

அந்த உணர்வில் பாதி நூலால் வருவது. தங்கூசி இழுபடும், கடியை அதுவும் கொஞ்சம் விழுங்கும். நான் 15 இறாத்தல் பிறெயிட் (பின்னல்) நூல் போட்டு, முன்னால் ஒரு பாக நீளம் (இரு கையையும் விரித்த அளவு) தடித்த ஃபுளோரோகாபன் நூல் முடிகிறேன். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி, மெல்லிய நூல் அதில் பட்டால் போயிற்று.

நாலு வருசத் தேய்மானம்: நுனியிலிருந்து இரண்டாவது வளையத்தின் உள் பீங்கான் கல்லில் பட்டு மயிரிழை வெடித்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, பிறெயிட் மட்டும் அடிக்கடி பஞ்சாகி அறுந்தது. பஞ்சைச் சுருட்டி ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இழுத்தேன், அந்த ஒன்றில் இழை மாட்டியது. அதே அளவு வளையம் வாங்கி, நூல் சுற்றி எப்பொக்சி பூசிக் கட்டினோம், இன்றுவரை நிற்கிறது. வளையக் கால்களில் துருப்புள்ளி வந்திருக்கிறது. மூன்றாம் வருசம் இரண்டு துண்டும் பூட்டும் இடம் எறியும்போது தளர்ந்து சுழலத் தொடங்கியது. மெழுகுதிரியை அதில் தேய்த்தேன், சரியாகிவிட்டது. தக்கைப் பிடியில் சின்னக் குழிகள் விழுந்திருக்கின்றன, ஆனால் ஈரக்கையிலும் வழுக்கவில்லை.

கழுவுவதில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உப்பைக் கழுவக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறோம், யாழ்ப்பாணக் கிணற்றில் சுண்ணாம்பு. அப்படியே காயவிட்டால் வளையத்தில் வெள்ளைப் படை படியும். கழுவினால் போதாது, காய்ந்த துணியால் ஒவ்வொரு வளையமாகத் துடைக்க வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காபன் மின்சாரம் கடத்தும். கரண்ட் கம்பிக்குக் கீழே தடியை வீசவும் வேண்டாம், நிமிர்த்திக்கொண்டு நடக்கவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் மீன் எவ்வளவு கடித்தாலும் தடியைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள்.

திரும்ப வாங்குவதென்றால் இதையே வாங்குவேன், வளையங்களை மட்டும் துருப்பிடிக்காத டைட்டேனியம் சட்டத்தில் கேட்பேன், அதற்கு விலை கூடினாலும் சரி. கண்டல் பக்கத்துக்கு மீடியம் ஹெவி ஒன்று தேவைப்படுகிறது. அண்ணா ஆடியில் வருகிறார். குழாயில் இன்னொரு தடிக்கு இடம் இருக்கிறது.