இம்ஜின் ஆற்றங்கரையும் சோம் களமும்: போரை உள்ளபடி வரைந்த இரண்டு காமிக்ஸ்

போர்க் காமிக்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, தனி ஆளாக எதிரி முகாமையே தகர்த்துவிட்டுத் திரும்பும் நாயகன்தான். அந்த வகையை இங்கே விட்டுவிடுகிறேன். போர்முனையில் ஒரு மனிதனுக்கு என்ன நேர்கிறது என்று நேர்மையாகக் காட்டியவற்றில் என் கணக்கில் மோதுபவை இரண்டு. ஒன்று, 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இ.சி. நிறுவனத்துக்காக ஹார்வி கர்ட்ஸ்மன் நடத்திய ‘டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்’, ‘ஃப்ரன்ட்லைன் காம்பாட்’ இதழ்கள். மற்றொன்று, 1979 ஜனவரியில் பிரிட்டனின் ‘பேட்டில்’ வார இதழில் தொடங்கிய ‘சார்லிஸ் வார்’. எழுத்து பேட் மில்ஸ், ஓவியம் ஜோ கொல்கூன்.

துப்பாக்கி, சீருடை போன்ற விவரங்களில் இரண்டுமே சளைத்தவை அல்ல. கர்ட்ஸ்மன் தன் உதவியாளரை நிஜ நீர்மூழ்கிக் கப்பலிலேயே ஏற்றி அனுப்பித் தகவல் சேர்த்தவர். கொல்கூனின் சேறும் எலியும் முள்கம்பியும் பக்கத்தைவிட்டு நகரவிடாது.

மோதும் கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கர்ட்ஸ்மனை மிஞ்ச ஆளில்லை. அவரே எழுதி வரைந்த ‘கார்ப்ஸ் ஆன் தி இம்ஜின்’ கதை 1952இல் வந்தது. கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் அமெரிக்கச் சிப்பாய், மிதந்துவரும் பிணத்தைப் பார்த்து இவன் எப்படிச் செத்திருப்பான் என்று யோசிக்கிறான். இந்தக் காலத்தில் யார் கையால் அடித்துச் சண்டை போடுகிறார்கள் என்றும் நினைக்கிறான். அப்போதே எதிரி ஒருவன் பாய்கிறான். கட்டிப் புரண்டு, கடைசியில் சிப்பாய் அவனைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். கட்டத்துக்குக் கட்டம் அதே கைகள், அதே தண்ணீர், மேலே வரும் குமிழிகள். அப்புறம் குமிழிகளும் நின்றுவிடுகின்றன. செத்தவன் எதிரியானாலும் அவனுக்காக இரங்கச் சொல்கிறது கதை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்கச் சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கும் இதழில் இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

‘சார்லிஸ் வார்’ வேறு வழியில் போகிறது. பிரிட்டனிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த பிரிட்டிஷ் வார இதழ்ப் பாணி பழகியதுதான்: வாரம் சில பக்கம், முடிவில் ஒரு கொக்கி. ஆனால் இங்கே நாயகன் சார்லி போர்ன், வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்த 16 வயதுப் பையன். 1916 ஜூலை 1, முதல் உலகப் போரில் பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாள். அந்த ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். அந்தக் களத்துக்கு நம்மை மெதுவாக, பையனோடு பழகவிட்டுக் கூட்டிப்போகிறார் மில்ஸ். வீட்டுக்கு அவன் எழுதும் எழுத்துப்பிழை மலிந்த கடிதங்கள் ஒன்று சொல்ல, படங்கள் வேறொன்று காட்டும்.

நண்பன் ஜிஞ்சர் சாகும் இடம் இன்னும் என்னை உலுக்குகிறது. வீரவசனம் இல்லை, மடியில் சாய்ந்து விடைபெறுவதும் இல்லை. ஒரு குண்டு விழுகிறது. மிஞ்சியதை சார்லி சாக்கில் அள்ளிச் சுமக்கிறான். தன் ஆட்களைக் காப்பாற்றப் பின்வாங்கிய லெப்டினன்ட் தாமஸை சொந்த ராணுவமே சுட்டுக் கொல்கிறது. சுட மறுத்த சார்லிக்குத் தண்டனை கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சார்லியின் மேலதிகாரி கேப்டன் ஸ்னெல் அளவுக்கு மீறிய வில்லன். வாராவாரம் திருப்பம் வைத்தாக வேண்டிய நெருக்கடியும் தெரிகிறது. இ.சி. கதைகளில் இந்தத் தொந்தரவு கிடையாது. சில பக்கங்களில் சொல்லி முடித்துவிடும். ஆனாலும் என் ஓட்டு சார்லிக்குத்தான். இம்ஜினில் மூழ்கியவனின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஜிஞ்சரோ வாரக்கணக்கில் நம்மோடு புலம்பி, சிரித்துக்கொண்டிருந்தவன். மறுவாரம் இதழைப் பிரித்தால் அவன் இல்லை, போர் மட்டும் அப்படியே நடக்கிறது.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இம்ஜினில் தொடங்கலாம், அரைமணி நேரம் போதும். சார்லியை மாத்திரம் அவசரப்படாமல், பழைய வாசகர்களுக்குக் கிடைத்த அளவிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள்.