கார் ஷெட் ஷட்டர் பழுதுபார்க்க ஆள் அழைப்பவர்கள் கவனத்திற்கு

கோவையில் என் பெற்றோர் வசிக்கும் வீட்டின் கார் ஷெட்டுக்கு இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். சென்ற மாதம் ஒரு காலையில் அது பாதி ஏறியதும் ஒருபக்கமாகச் சாய்ந்து, இடப்பக்கத்தில் சில பட்டைகள் (ஷட்டரின் குறுக்குத் தகடுகள்) கைடை, அதாவது அவை ஏறி இறங்கும் பக்கவாட்டு இரும்புத் தடத்தை, விட்டு வெளியே வந்து சிக்கிக்கொண்டன. இணையத்தில் தேடியபோது முதலில் வந்த எண்ணை அம்மா அழைத்தார். வந்து பார்க்க 199 ரூபாய் மட்டுமே என்று விளம்பரம் செய்திருந்த அந்த நிறுவனத்தின் ஆட்கள், 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஷட்டரை முன்பு இருந்ததைவிட ஆபத்தான நிலையில் விட்டுச் சென்றார்கள். வேறு வீட்டுப் பெரியவர்களுக்கும் இது நேரக்கூடாது என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

வந்தவர் ஷட்டரைக் கையால் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மேலே சுருள் இருக்கும் இடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் எல்லாம் போச்சும்மா, இன்னைக்கே மாத்தலேன்னா யார் தலையிலயாவது இறங்கிரும்" என்று சொல்லியிருக்கிறார். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் அம்மா சம்மதித்தார். பயப்படாமல் யாரால் இருக்க முடியும்?

ஆனால் ஸ்பிரிங் போயிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. ஷட்டரின் எடையைத் தாங்குவது மேலே பைப்பில் பூட்டப்பட்டிருக்கும் சுருள் ஸ்பிரிங்குகள்தான். ஷட்டரை இறக்கும்போது அவை முறுக்கேறுகின்றன, ஏற்றும்போது அந்த முறுக்கு எடையில் பெரும்பகுதியைச் சுமந்துகொள்கிறது. ஆகவே ஸ்பிரிங் உடைந்த ஷட்டர், தூக்கத் தொடங்கிய கணத்திலேயே பாரமாக இருக்கும். பாதியில் நிறுத்தினால் நிற்காமல் கீழே இறங்கும். எங்கள் ஷட்டரோ தொடக்கத்தில் வழக்கம்போல லேசாகத்தான் ஏறியது. ஏறத்தாழ இடுப்பு உயரத்தில், ஒரே இடத்தில்தான் இறுகியது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சிக்கினால் கோளாறு பெரும்பாலும் கைடிலோ, பட்டைகளின் ஓரத்திலோதான் இருக்கும்.

இதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் எங்கள் பகுதியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். அந்த நிறுவனத்தின் ஆட்கள் வேலையை முடித்துப் போன பிறகும் ஷட்டர் அதே இடத்தில் உரசியதால் அவரை அழைத்து வந்தோம். டார்ச் அடித்து இடப்பக்கக் கைடைக் காட்டினார். கார் பின்னே வரும்போது பம்பர் பட்டதால், இரும்பு விளிம்பு ஒரு விரல்கடை நீளத்துக்கு உள்பக்கமாக மடங்கியிருந்தது. அதற்கு நேரே உள்ள பட்டைகளில் பெயிண்ட் தேய்ந்து வெள்ளிக்கோடு விழுந்திருந்தது. பட்டைகள் பக்கவாட்டில் நகராமல் இருக்க அவற்றின் முனைகளில் ரிவெட் அடித்துப் பொருத்தும் கிளிப்புகளில் இரண்டு உடைந்து போயிருந்தன. கிளிப் இல்லாத பட்டை நகர்ந்து, மடங்கிய விளிம்பில் முட்டி, கைடை விட்டு வெளியே வந்திருக்கிறது. கோளாறு இவ்வளவுதான். மரக்கட்டையை வைத்துத் தட்டி விளிம்பை நிமிர்த்தி, கிளிப் மாற்றி, கைடுக்குள் இறுகிக் கிடந்த பழைய கிரீஸையும் மண்ணையும் சுரண்டி எடுத்துத் தந்ததற்கு அவர் வாங்கியது 900 ரூபாய்.

அடுத்து அவர் காட்டியதுதான் என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது. பூட்டைத் திறந்து கொஞ்சம் தூக்கியதும் ஷட்டர் கையை மீறி மேலே பாய்ந்தது. முன்பெல்லாம் பாதியில் விட்டால் அப்படியே நிற்கும். அந்த ஆட்கள் 'நசுங்கிவிட்டன' என்று சொல்லிக் கீழ்ப்பக்கத்துப் பட்டைகளை மாற்றியிருந்தார்கள். பழையவை 18 கேஜ் தகடு, அதாவது ஏறத்தாழ 1.2 மி.மீ. கனம்; புதியவை 22 கேஜ். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியாது. கீழே எடை குறைந்துவிட்டது, மேலே ஸ்பிரிங் முறுக்கு அப்படியே இருக்கிறது; அதனால்தான் இந்தப் பாய்ச்சல். 'புதிய' ஸ்பிரிங்குகளோ எங்கள் பழைய ஸ்பிரிங்குகளேதான்: சில்வர் பெயிண்டை நகத்தால் சுரண்டியபோது அடியில் துரு செதில் செதிலாக வந்தது. கனமான பழைய பட்டைகளை அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவின் முகத்தருகே அந்த அடிப்பட்டை பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

ஷட்டர் கைடை விட்டு வெளியே வந்தால் அதை இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். மேலே ஸ்பிரிங் பைப்பைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளை நீங்களாகத் தளர்த்தவே கூடாது, முறுக்கேறிய ஸ்பிரிங் கையை உடைத்துவிடும். வருபவர் எந்தப் பாகம், ஏன் பழுது என்பதைக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பட்டை மாற்றினால் கேஜ் என்ன என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகங்களை உங்கள் வீட்டிலேயே விட்டுப்போகச் சொல்லுங்கள். எங்களுக்கு ரசீதே தரவில்லை. பணம் ஒரு தனிநபரின் யூபிஐ கணக்கிற்குச் சென்றிருக்கிறது. விளம்பரத்தில் இருந்த முகவரிக்கு நேரில் போனேன், அங்கே அப்படி ஒரு கடையே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் செலுத்திய விவரம், அழைப்புப் பதிவு, துரு தெரியும் ஸ்பிரிங்கின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கும் மனு தயாராகிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் கிடையாது. பட்டறைப் பெரியவர் 18 கேஜ் பட்டைகளைப் போட்டு முறுக்கைச் சரிசெய்து தரும்வரை ஷட்டரைப் பூட்டியே வைத்திருக்கிறோம், கார் தெருவில் நிற்கிறது.