சுற்றிப் பார்க்கக் குவாதலூப்பா, மார்த்தினீக்கா?

கரீபியக் கடலில் பிரான்ஸின் கையில் உள்ள இந்த இரு தீவுகளும் காகிதத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் 1946இல் ஒரே சட்டத்தால் பிரான்ஸின் மாவட்டங்களாயின. யூரோ புழங்குகிறது, பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரெயோலும் பேசுகிறார்கள். நடுவே டொமினிக்கா என்ற தனிநாடு. வித்தியாசம் மண்ணில் தொடங்குகிறது.

மார்த்தினீக் ஒரே தீவு, சுமார் 1,100 சதுர கி.மீ. வடக்கே பெலே எரிமலை. 1902 மே 8 காலையில் அது வெடித்ததில், அன்றைய வணிக நகரான சேன்-பியேர் சில நிமிடங்களில் அழிந்தது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். இன்று எல்லாம் தலைநகர் ஃபோர்-த-பிரான்ஸைச் சுற்றித்தான்.

குவாதலூப் சுமார் 1,600 சதுர கி.மீ., ஆனால் ஒரு தீவுக்கூட்டம். முக்கியமான இரண்டு பகுதிகளை ஒரு குறுகிய கடல்கால் பிரிக்கிறது. மேற்கே பாஸ்-தேர்: மழைக்காடு, 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை. கிழக்கே கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புத் தரை. அதனால் வாழை மேற்கின் ஈரச் சரிவுகளிலும், கரும்பு கிழக்கின் சமவெளியிலும். சர்க்கரை ஏற்றுமதியில் குவாதலூப் இன்னும் நிற்பதற்கு இந்தச் சமவெளி பெரிய காரணம். மார்த்தினீக்கில் மிஞ்சியிருப்பது ஒரே ஆலை.

ரம் விஷயத்தில் கதை தலைகீழ். மார்த்தினீக் ரம்முக்கு 1996இல் பிரான்ஸ் ஒயின்களுக்குத் தருவதுபோன்ற ஊர்ப்பெயர்ச் சான்று கிடைத்தது. அதன்படி சர்க்கரைப்பாகுக் கழிவில் அல்ல, பச்சைக் கரும்புச் சாற்றில்தான் காய்ச்ச வேண்டும். வெட்டிய கரும்பு கிடந்தால் புளித்துவிடும் என்பதால் ஆலை வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். 'பழைய ரம்' என்று எழுத மூன்று வருடமாவது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். முரட்டுச் சரக்கு வேண்டுமென்றால் குவாதலூப்பைச் சேர்ந்த மரி-கலாந்த் தீவின் 59 டிகிரி (59 சதவீத ஆல்கஹால்) வெள்ளை ரம்.

இரண்டுக்கும் பொதுவான சாபம் குளோர்டெகோன். வாழைக் கிழங்கு வண்டுக்காக 1972 முதல் 1993 வரை கொட்டிய பூச்சிமருந்து, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கரையவே மாட்டேன் என்கிறது. வாழைப்பழத்தில் ஏறுவதில்லை, சேம்பு, வள்ளி போன்ற கிழங்குகளில் ஏறும். மழைநீரோடு கடலுக்கும் போவதால் சில கரையோரங்களில் மீன்பிடிக்கத் தடை. சந்தையில் கிழங்கு வாங்கினால் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

விலைவாசியும் இரண்டிலும் கொள்ளை. உணவுப் பொருள்கள் பிரான்ஸைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம்: கப்பல் கூலி, இறக்குமதி வரி, விரல்விட்டு எண்ணக்கூடிய மொத்த வியாபாரிகள். 2009இல் குவாதலூப்பில் 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது இதற்காகத்தான். 2024இல் கொந்தளித்தது மார்த்தினீக்.

தமிழர் தடம் தேடுகிறவர்களுக்கு என் ஓட்டு குவாதலூப்புக்கே. காரைக்கால், புதுச்சேரி வழியாக 1853 முதல் மார்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேரும், 1854 முதல் குவாதலூப்புக்கு 40,000க்கு மேற்பட்டவர்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்களின் வாக்குரிமைக்காக 1904 முதல் வழக்காடிய ஆன்றி சிதம்பரம் குவாதலூப்காரர். அதே தீவில் கபெஸ்தேர் பக்கம் சாங்கியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. மொழி போய்விட்டது, வழிபாடும், 'கொலொம்போ' என்ற மசாலாக் கறியும் இரண்டு தீவிலும் நிற்கின்றன.

நான்கைந்து நாள்தான் இருக்கிறது என்றால் மார்த்தினீக்: வடக்கே எரிமலை, தெற்கே வெள்ளை மணல், இடையே கார்ப் பயணம் சில மணி நேரம்தான். பத்து நாள் என்றால் குவாதலூப், சின்னத் தீவுகளுக்குப் படகோடு. எங்கே போனாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். அட்லாண்டிக் பக்கக் கரையில் சர்காசம் பாசி ஒதுங்கினால் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் புரட்டும். அறையை மேற்குக் கரையில் பிடியுங்கள்.

பலர் தடுக்கி விழுவது விசாவில். பிரான்ஸ் மண்தானே என்று, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவோடு கிளம்பினால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அது செல்லாது. இந்த மாவட்டங்களுக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸ் வழியாகப் போய் அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதென்றால் ஷெங்கனும் சேர்த்து வேண்டும்.