மேட்டுக்கு எந்தத் தள்ளுவண்டி: ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, இருக்கிறது. பாதி சமதளம், மீதி மேடு. மேட்டைப் படிகளாக வெட்டி மரம் நட்டிருக்கிறோம். வெட்டிய குலைகளை லோரி நிற்கும் செம்மண் சாலைக்குக் கொண்டுவரத் தள்ளுவண்டிதான் வழி. மலாயில் அதற்குக் கிரேத்தா சோரோங் என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இரட்டைச் சக்கர வண்டி ஒன்றை வாங்கி வந்தார். அப்பாவின் பழைய ஒற்றைச் சக்கர வண்டியும் கொட்டகையிலேயே இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சமதளம். இங்கே இரட்டைச் சக்கரம்தான், பேச்சே இல்லை. அதன் அச்சு சுமைக்கு நேர் கீழே இருப்பதால் எடை முழுவதையும் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். தலா 20 கிலோ எடையுள்ள ஐந்து குலைகளை ஏற்றினால் 100 கிலோ. கைக்கு அதில் ஒன்றும் வராது, முன்னால் தள்ளினால் போதும். ஒற்றைச் சக்கர வண்டியில் சக்கரம் முன்னால், கைப்பிடி பின்னால், சுமை நடுவில். எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 கிலோ, எந்நேரமும் இரண்டு கைகளிலும் தொங்கும். பத்து நடை நடந்தால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும்.

தரையும் சும்மா இருப்பதில்லை. சிமெண்டுத் தரையில் 100 கிலோ சுமையை உருட்ட ஏறக்குறைய 2 கிலோவைத் தூக்குகிற அளவு பலம் போதும். மழை பெய்து ஊறிய மண்ணில் அதே சுமைக்கு 15, 20 கிலோ அளவு பலம் வேண்டியிருக்கும். சக்கரம் மண்ணில் புதைகிறது, புதைந்த பள்ளத்திலிருந்து ஒவ்வொரு கணமும் ஏறி வெளியே வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் டயரும் முக்கியம். காற்றடைத்த டயர் சற்றுத் தட்டையாகி எடையைப் பரப்பிவிடும், அதிகம் புதையாது. கெட்டி ரப்பர் டயர் புதையும், ஆனால் செம்பனை மட்டை முள் குத்திப் பஞ்சராகாது. நான் காற்று டயர் பக்கம். பஞ்சர் ஒட்டுவது அரை மணி நேர வேலை, சேற்றில் தள்ளுவது நாள் முழுக்க.

சரி, மேட்டுக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. அண்ணன் இரண்டாவது படியிலிருந்து இரட்டைச் சக்கர வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார், நான் பின்னால் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மக்கிப்போன மட்டைக்கு அடியில் ஒரு குழி இருந்தது தெரியவில்லை. இடது சக்கரம் அதில் இறங்கியது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது, அண்ணன் கைப்பிடியை முறுக்கிப் பிடித்தும் பார்த்தார். நிற்கவில்லை. ஐந்து குலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்து வாய்க்கால்வரை உருண்டன, வழியெல்லாம் சிவப்புச் சிவப்பாக உதிரி சிதறியது.

அன்று மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 60 செண்டிமீட்டர். குலைகளை அடுக்கினால் சுமையின் நடுப்புள்ளி தரையிலிருந்து கிட்டத்தட்ட 60 செண்டிமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. நடுப்புள்ளியிலிருந்து நேர் கீழே விழும் கோடு சக்கரத்தைத் தாண்டி வெளியே போனால் வண்டி கவிழும். இந்த அளவுக்கு அது 26 அல்லது 27 பாகை. பாதையின் பக்கச் சரிவே 15 பாகை இருந்தது. ஒரு சக்கரம் 10 செண்டிமீட்டர் குழியில் இறங்கினால் இன்னும் 9, 10 பாகை சேர்கிறது. மிச்சம் இருப்பது ஓரிரண்டு பாகைதான். ஒரு குலுக்கல் போதும்.

ஒற்றைச் சக்கரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தரை எப்படிச் சாய்ந்தாலும் வண்டியை நிமிர்த்தி வைப்பது தள்ளுகிறவரின் இரண்டு கைகள். பழகாதவர் கையில் சமதளத்திலேயே அது சாயும், மறைக்க வேண்டியதில்லை. எனக்கே மூன்று வாரம் பிடித்தது. பழகிய கைக்குச் சாய்வு கண்ணுக்குத் தெரியும் முன்னமே மணிக்கட்டில் தெரிந்துவிடுகிறது. ஒரு முழம்கூட இல்லாத ஒற்றையடிப் பாதையிலும் அது போகும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைத் தோட்டத்தில் முப்பது வருஷம் குலை வெட்டிய அப்பாதான் எனக்குப் புரியவைத்தார். "தம்பி, கையில கனம் இருந்தாதான் கால் நிக்கும்" என்றார். அப்போது எனக்கு விளங்கவில்லை.

10 பாகைச் சரிவில் 70 கிலோ ஆள் 100 கிலோ சுமையோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடையைக் கணக்கில் விட்டுவிடுவோம். ஆளையும் சுமையையும் சேர்த்துப் புவியீர்ப்பு ஏறக்குறைய 30 கிலோ பலத்தோடு கீழே இழுக்கிறது. அதைத் தடுத்து நிறுத்த வண்டியில் பிரேக் கிடையாது, பூட்ஸுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள உராய்வுதான் பிரேக். உராய்வோ, பூட்ஸ் எவ்வளவு அழுத்தமாகத் தரையில் ஊன்றுகிறதோ அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். இரட்டைச் சக்கர வண்டியில் காலில் இறங்குவது அவருடைய 70 கிலோ மட்டும், ஆகவே அந்த அழுத்தத்தில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் உராய்வாகக் கிடைக்க வேண்டும். ஒற்றைச் சக்கர வண்டியிலோ கையில் தொங்கும் 33 கிலோவும் காலுக்கு வந்து 103 கிலோ ஆகிறது. பத்தில் மூன்று பங்கு போதும். சமதளத்தில் தோளை வாட்டும் அதே கனம் இறக்கத்தில் காலைத் தரையோடு பிடித்து வைக்கிறது.

சேறு கூட இறக்கத்தில் கொஞ்சம் நம் பக்கம். சமதளத்தில் சக்கரத்தைப் பிடித்து வைக்கும் மண், இங்கே வண்டி ஓடிவிடாமல் பிடிக்கிறது. இன்னும் வேகம் குறைய வேண்டுமா, கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்துங்கள். வண்டியின் பின்னங்கால் இரண்டும் தரையில் உரசும், சுமையும் உங்கள் பக்கம் சாயும். ஆனால் பூட்ஸின் அடி தேய்ந்திருந்தால் எந்த வண்டியும் காப்பாற்றாது, அதை முதலில் மாற்றுங்கள். சிலிப்பரோடு மேட்டில் வண்டி இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஏற்றத்தில் வேறு பாடம். வேரோ கல்லோ குறுக்கிட்டால் தள்ளாதீர்கள், திரும்பி நின்று இழுங்கள். கைப்பிடி அச்சைவிட உயரத்தில் இருப்பதால், தள்ளும்போது பலத்தில் ஒரு பகுதி சக்கரத்தைக் கல்லின் மேலேயே அழுத்துகிறது. இழுக்கும்போது அதே பகுதி சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது.

வண்டியே வேண்டாம், தோளில் சுமக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில், எங்கள் பாட்டி தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளி மாட்டி மேட்டிலிருந்து பால் இறக்கியவர். எடை முழுவதும் காலுக்கு வருவதால் பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் அதே எடைதான் முழங்காலைத் தின்றது. பாட்டி கடைசிப் பத்து வருஷம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். வேண்டாம்.

இப்போது மேட்டுக்கு ஒற்றைச் சக்கரம், காற்று டயர், ஒரு நடைக்கு நான்கு குலைக்கு மேல் ஏற்றுவதில்லை. இரட்டைச் சக்கர வண்டி வீட்டோடு நிற்கிறது. உர லோரி வந்தால் 50 கிலோ மூட்டை இரண்டை அண்ணன் அதில் இறக்கி வைப்பார், சிமெண்டுத் தரையில் கொட்டகைவரை அம்மா ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போவார்.