கோவை சூடோமோனாஸ் பொடி: அடைமழைக்கு முன்னால் வாங்க வேண்டியது

நாற்று சாயத் தொடங்கிய பிறகு இந்தப் பொடியைத் தேடி ஓடுகிறவர்கள் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். இதில் இருக்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பாக்டீரியா, வந்த நோயைத் தீர்க்காது. நோய் நுழையும் இடத்தில் முந்திக்கொண்டு குடியேறும், அவ்வளவுதான். அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் நிழல்வலைக் குடிலில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று விட்டு விற்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நான் வாங்குவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டால்க் மாவில் கலந்து விற்கும் பொடி. இதில் இருக்கும் பி.எஃப்.1 என்ற பாக்டீரியா ரகம், கொண்டைக்கடலை வாடல் நோய்க்காக 1990களிலேயே கோவையில் சோதிக்கப்பட்டது. விலை அதிகமில்லை. பத்து கிராம் கலப்பினத் தக்காளி விதைக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே ஒரு கிலோவுக்கு ஆகிறது. கிலோ விதைக்கு 10 கிராம் என்பது பரிந்துரை. அந்தக் கணக்கில் ஒரு கிலோ பொடி 100 கிலோ விதைக்கு வரும்!

ஐப்பசி மழையில் குழித்தட்டு நாற்று வளர்த்தவர்களுக்கு நாற்றழுகலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் தண்டின் அடி நீர்கோத்து மெலிந்து படுத்துக் கிடக்கும். ஒரு தட்டில் தொடங்கினால் பக்கத்துத் தட்டுக்கும் போகும். பெரும்பாலும் பித்தியம் என்ற பூசணத்தின் வேலை. விதை ஊறி முளைக்கும்போது கசியும் சர்க்கரையை மோப்பம் பிடித்துச் சில மணி நேரத்திலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்துக்குள் பாக்டீரியா அங்கே இருந்தாக வேண்டும். இருந்தால், விதையைச் சுற்றியுள்ள உணவையும் இரும்புச்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்கிறது. பூசணத்துக்கு ஆகாத பொருள்களையும் சுரக்கிறது. நாற்றின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடுகிறது.

நாட்டு மிளகாய் விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் இந்தப் பொடியைக் குழைத்துப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கிறேன். கம்பெனி விதை வேறு கதை. அது சிவப்பாகவோ பச்சையாகவோ பூசணக்கொல்லி பூசித்தான் வருகிறது. அதன்மேல் மறுபடி எதையும் தேய்ப்பதில்லை. தென்னைநார்க் கழிவைத் தட்டில் நிரப்பும் முன்பே பொடியைக் கலந்துவிடுகிறேன். இரண்டு இலை விட்டதும் லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து வேரில் ஊற்றுகிறேன். பொடி போட்ட தட்டுகளில் அழுகல் அறவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தட்டுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகிறதே தவிர, தட்டு தட்டாகத் தூக்கிக் கொட்டும் நிலை இல்லை. வேரும் வெள்ளையாக, கொத்தாக இருக்கிறது.

குறையும் உண்டு. டால்க் கரைவதே இல்லை. அடியில் தங்கி, தெளிப்பான் மூக்கை அடைத்துவிடும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். ஆள் கூலி கொடுக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, இதை எங்கே வாங்குகிறோம் என்பது. ஒருமுறை அவசரத்துக்கு ஒரு மருந்துக் கடையில் வேறு கம்பெனிப் பொட்டலம் வாங்கினேன். வெயில் விழும் அலமாரியில், தாமிர மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது. தயாரித்த தேதியின்மேல் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். கிழித்துப் பார்த்தால் ஒரு வருடத்துக்கும் மேல் பழசு. "பொடிதானே அக்கா, கெட்டா போகும்?" என்றார் கடைக்காரர். உயிருள்ள சரக்கு கெடாமல் என்ன செய்யும்? மாதம் ஏற ஏற, வெப்பம் ஏற ஏற, பாக்டீரியா செத்துக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவது முகத்துக்குப் போடும் பவுடர்தான். தேதி தெரியாத பொட்டலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அழுகல் மிஞ்சிவிட்டால் நானும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்தை ஊற்றுகிறேன், மறைக்கவில்லை. லிட்டருக்கு இரண்டரை கிராம், பாதித்த தட்டுகளைத் தனியே ஒதுக்கி வைத்து. தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால் இரண்டையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. தண்ணீரைக் குறைக்காமல், தட்டுகளை நெருக்கி அடுக்கிவிட்டு, பொடி வேலை செய்யவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மாடித்தோட்டத்துக்கு நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு கிலோவை நாலைந்து வீடாகப் பங்கு போட்டுக்கொள்வது நல்லது. நான் ஐப்பசிக்கு வேண்டியதைப் புரட்டாசியில்தான் வாங்குகிறேன்; ஆடியிலேயே வாங்கி அடுக்கி வைப்பதில்லை.