ஏகாம்பரம் வீதி விளையாட்டுக் கடை: கருவிகளில் குறையில்லை

திருகோணமலை ஏகாம்பரம் வீதிக்கு அருகே, மணித்தியாலக் கணக்கில் காசு கட்டி வீடியோ கேம் விளையாடும் சிறிய கடையொன்று இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5, பெரிய திரை, முதுகு நோகாத கதிரை, குளிரூட்டி என எதிலும் குறை சொல்ல முடியாது. கன்ட்ரோலர்களைக்கூட ஒவ்வொருவரும் எழுந்த பின் துடைத்து வைக்கிறார்கள்.

சிக்கல் விளையாட்டுகளில்தான், ஓரளவு என் வயதிலும். 2018 இல் வெளிவந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஐத் தெரிவுசெய்தேன். 1899 ஆம் ஆண்டின் அமெரிக்காவில் நிகழும் இக்கதை பனிமலையொன்றில் தொடங்குகிறது. முன்னே செல்பவரின் பேச்சைக் கேட்டபடி குதிரையை மெல்ல நடத்தி, ஒவ்வொரு விசையும் எதற்கென்று பாடம் படித்து, அந்தப் பனியை விட்டு இறங்குவதற்கு முன்னரே கட்டிய காசுக்கான நேரம் தீர்ந்துவிடுகிறது. குதிரைக்குத் தீனி வைத்து உடலைத் தேய்த்துவிட வேண்டும், துப்பாக்கிக்கு எண்ணெய் போட வேண்டும். பள்ளிப் பருவத்தில் இந்த நுணுக்கங்களில் சொக்கிப் போயிருப்பேன். அலுவலகத்தில் பகல் முழுதும் கோப்புகளை நகர்த்திவிட்டு வருபவனுக்கு இது மேலும் ஒரு வேலை. படைப்பின் அழகை, குறிப்பாகப் பனியில் பதியும் கால்தடங்களை, மறுக்கவில்லை.

மூலையில் பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றும் உண்டு. "அண்ணா, இதுக்குப் பாதிக் காசுதான்" என்றார் கடைக்காரத் தம்பி. உதைபந்தாட்ட இறுவட்டைப் போட்டு அணியைத் தெரிவுசெய்தால் பந்து உருளத் தொடங்கிவிடும். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

மாலையில் ரியூசன் முடிந்த மாணவர்கள் நிறைந்துவிடுவதால் முற்பகலே நல்லது. கட்டண விபரம் எங்கும் ஒட்டப்படவில்லை, உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.